உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டியில் இன்ஜின் கோளாறு: படிப்படியாகக் கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

புல்வெட்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும் பலர் முதலில் வாங்கி வருவது ஒரு புது ஸ்பார்க் பிளக். அது சரிப்படவில்லை என்றால் பேட்டரி, அப்புறம் கார்புரேட்டர், கடைசியில் செல்ஃப் மோட்டார். நாலு பாகம் மாறியிருக்கும், வண்டி அதே இடத்தில் நிற்கும். பிறகு பார்த்தால் சீட்டுக்கு அடியில் ஒரு ஒயர் கழன்று தொங்கிக்கொண்டிருக்கும்.

அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சோதனை செய்து உறுதியாகும்வரை எந்தப் பாகத்தையும் மாற்றாதீர்கள். கீழே உள்ள வரிசையும் அப்படித்தான் அமைந்திருக்கிறது. காசு செலவில்லாத சோதனைகள் முன்னால், பிரித்து மேய வேண்டியவை பின்னால். ஒவ்வொரு சோதனையும் சந்தேகப் பட்டியலில் பாதியை அடித்துவிடும்.

இது கார்புரேட்டர் வைத்த, காற்றால் குளிரும் பெட்ரோல் இன்ஜின்களுக்கானது. ஒற்றை சிலிண்டர், இரட்டை சிலிண்டர் இரண்டுக்கும் பொருந்தும்.

1. கை வைப்பதற்கு முன்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பார்க்கிங் பிரேக் போட்டு, பிளேடு சுவிட்சை ஆஃப் செய்து, சாவியை எடுத்துப் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பிளேடு பக்கம் கை போகிற வேலை என்றால் பிளக் கேப்பையும் கழற்றிவிடுங்கள். இரட்டை சிலிண்டரில் இரண்டு கேப்பையும் கழற்ற வேண்டும். ஒன்றை மட்டும் கழற்றினால் இன்னொரு சிலிண்டர் இன்ஜினை ஓட்டிவிடும்.

இன்ஜின் ஆறியிருக்கட்டும். சூடான சைலன்சர் மேல் பெட்ரோல் சிந்தினால் தீப்பிடிக்கும். ஓட்டிப் பார்க்கும் வேலையெல்லாம் வெளியில்தான். கதவைத் திறந்துவைத்தால்கூட உள்ளே ஓட்டாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

தேவைப்படுபவை: மல்டிமீட்டர், பிளக் ஸ்பேனர், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), ஸ்பார்க் டெஸ்டர், கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே, கண்ணுக்குக் கண்ணாடி, பெட்ரோல் பிடிக்கப் பெட்ரோல் தாங்கும் மூடியுள்ள ஒரு பாத்திரம், டார்ச். இன்ஜினின் மாடல் எண்ணைக் குறித்து வையுங்கள். இது வண்டியின் மாடல் எண் இல்லை. இன்ஜின் கவரிலோ வால்வு கவரிலோ பொறித்திருக்கும். பாகம் வாங்கும்போது வண்டி எண்ணைச் சொல்லிவிட்டுத் தப்பான கார்புரேட்டரோடு திரும்பி வருகிறவர்கள் நிறைய.

இன்னொன்று, சாவியைத் தொடுவதற்கு முன் டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஆயில் குறைவாக இருந்தால் ஊற்றுங்கள். அளவுக்கு மேல் ஏறியிருந்து பெட்ரோல் வாடையும் அடித்தால் செல்ஃப் அடிக்கவே வேண்டாம், நேராக 8-ஆம் பகுதிக்குப் போங்கள். ஆயிலில் பெட்ரோல் கலந்திருக்கும்போது இன்ஜினைச் சுற்றவிட்டால், சின்ன வேலை பெரிய வேலையாகிவிடும்.

2. எந்த வகைக் கோளாறு என்று பிரியுங்கள்

சீட்டில் உட்காருங்கள். பிரேக் பெடலை முழுதாக மிதியுங்கள், பாதி மிதித்தால் அதன் சுவிட்ச் விழாது. பிளேடு சுவிட்ச் ஆஃப். லீவரால் ஓட்டும் வகை என்றால் இரண்டு லீவரையும் வெளிப்பக்கம் தள்ளுங்கள். சோக் போட்டுச் சாவியைத் திருப்பிக் கேளுங்கள்.

சத்தமே இல்லை, அல்லது "டிக்" என்று மட்டும் கேட்கிறது: 3-ஆம் பகுதி.

அரைச் சுற்று சுற்றி, முட்டிக்கொண்டு நிற்கிறது: முதலில் 3, அப்புறம் 4.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை: 5-இல் தொடங்குங்கள்.

ஸ்டார்ட் ஆகிறது, ஓடும்போது தகராறு: 9.

இந்த ஒரு நிமிட வேலையைத் தவிர்த்துவிட்டுத்தான் செல்ஃபே சுற்றாத வண்டியில் கார்புரேட்டரைக் கழற்றி உட்கார்ந்திருப்பார்கள். செல்ஃப் சுற்றவில்லை என்றால் பெட்ரோலுக்கும் பிளக்குக்கும் அதில் சம்பந்தமே கிடையாது.

3. சத்தமே இல்லை, அல்லது "டிக்" மட்டும்

பேட்டரியில் தொடங்குங்கள். ஒன்றும் போடாத நிலையில் மீட்டரில் 12.6 வோல்ட் பக்கம் காட்டினால் முழு சார்ஜ். 12.2-க்குக் கீழே என்றால் பாதிக்கு மேல் இறங்கிவிட்டது, சார்ஜ் போட்டுவிட்டுத்தான் மற்ற சோதனைகள். சார்ஜ் இல்லாத பேட்டரியை வைத்துச் செய்யும் சோதனை எல்லாம் தப்பான விடையைத்தான் தரும்.

"லைட் எரிகிறதே, பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது" என்ற முடிவுக்கு வராதீர்கள். லைட்டுக்குச் சில ஆம்பியர் போதும். செல்ஃப் மோட்டார் அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். மீட்டரைப் பேட்டரி முனைகளிலேயே வைத்துக்கொண்டு சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால், சார்ஜ் ஏறியிருந்தும் பேட்டரிக்குச் சக்தி இல்லை என்று அர்த்தம்.

அடுத்து முனைகள். வெள்ளையாக, பச்சையாகப் பூத்திருந்தால் கழற்றித் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ். நெகட்டிவ் மாட்டியிருக்கும்போது பாசிட்டிவைக் கழற்றும் ஸ்பேனர் வண்டியின் இரும்பில் பட்டால் நேரடி ஷார்ட். நெகட்டிவ் ஒயரின் மறுமுனை சேஸிஸில் எங்கே முடுக்கியிருக்கிறது என்று தேடி, அதையும் கழற்றித் தேய்த்து முடுக்குங்கள். பேட்டரி முனையைப் பளபளவென்று வைத்திருப்பவர்கள்கூட இந்த எர்த் முனையை மறந்துவிடுவார்கள். அங்கே துருப் பிடித்திருந்தால் பேட்டரி போனது போலவே தோன்றும்.

இரண்டும் சரி என்றால் ஃபியூஸ். அதுவும் சரி என்றால் சோலினாய்டு, அதாவது சாவியைத் திருப்பினால் பேட்டரி மின்சாரத்தை செல்ஃப் மோட்டாருக்கு விடும் சுவிட்ச். பேட்டரியின் தடித்த சிவப்பு ஒயரைப் பிடித்துக்கொண்டே போனால் அதில் போய் முடியும். இரண்டு பெரிய முனைகள், ஒன்றோ இரண்டோ சின்ன முனைகள் இருக்கும். சாவியைத் திருப்பும்போது அந்தச் சின்ன முனைக்கு 12 வோல்ட் வருகிறதா?

வரவில்லை என்றால் கோளாறு சோலினாய்டுக்கு முன்னால். பேட்டரி, ஃபியூஸ், சாவி, பிரேக் பெடல் சுவிட்ச், பிளேடு சுவிட்ச், அப்புறம்தான் சோலினாய்டு: பெரும்பாலான வண்டிகளில் மின்சாரம் போகும் வழி இதுதான். ஒவ்வொன்றின் உள்ளேயும் வெளியேயும் மீட்டரை வைத்துக்கொண்டே வாருங்கள். எங்கே உள்ளே வந்து வெளியே போகவில்லையோ அங்கேதான் கோளாறு. பல நேரம் சுவிட்ச் போயிருக்காது. பிளக் போன்ற இணைப்பு தளர்ந்திருக்கும், அல்லது பெடல் சுவிட்சை முழுதாக அழுத்தாமல் வளைந்திருக்கும்.

சின்ன முனைக்கு 12 வோல்ட் வந்தும் சத்தமே இல்லை என்றால், நாலு முனை வகையில் இன்னொரு சின்ன முனை எர்த்தோடு சேர்ந்திருக்கிறதா, மூன்று முனை வகையில் சோலினாய்டின் உடம்பு வண்டியின் இரும்போடு இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் சரி என்றால் சோலினாய்டின் காயில் போயிருக்கிறது.

12 வோல்ட் வந்து "டிக்" கேட்டும் சுற்றவில்லை என்றால், மீட்டரின் இரண்டு முள்ளையும் சோலினாய்டின் இரண்டு பெரிய முனைகளில் வையுங்கள். சும்மா இருக்கும்போது 12 காட்டும். சாவியைத் திருப்பியதும் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு இறங்க வேண்டும். இறங்காமல் 12-லேயே நின்றால் உள்ளே காண்டாக்ட் கருகியிருக்கலாம், சோலினாய்டை மாற்றுங்கள். இறங்கியும் மோட்டார் சுற்றவில்லை என்றால் மோட்டார் அல்லது அதற்குப் போகும் ஒயர்.

ஸ்க்ரூட்ரைவரை வைத்து இரண்டு பெரிய முனைகளையும் இணைத்துச் சுற்றவைக்கும் வழக்கம் இருக்கிறது. அது வேண்டாம். அப்படிச் செய்தால் பாதுகாப்பு சுவிட்சுகள் எதுவும் குறுக்கே வராது. கியரில் இருக்கும் வண்டி முன்னால் நிற்பவர் மேலேயே ஏறும்.

4. அரைச் சுற்று சுற்றி நின்றால்

இங்கேதான் அதிகப் பணம் வீணாகிறது. பேட்டரியும் எர்த்தும் சரி, மோட்டாரும் முயல்கிறது. ஆனால் பிஸ்டன் மேலே வரும் இடத்தில் "உம்ம்" என்று முட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. எல்லோரும் செல்ஃப் மோட்டாரைத்தான் சந்தேகப்படுவார்கள். பல தடவை கோளாறு டேப்பெட்டில், அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் ராக்கருக்கும் இடையே உள்ள இடைவெளியில் இருக்கும்.

காரணம் இது: இந்த இன்ஜின்களில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் ஒரு வால்வைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து அழுத்தத்தைக் கசியவிடும் அமைப்பு ஒன்று உண்டு. அதனால்தான் சின்ன மோட்டாரால் பெரிய பிஸ்டனைத் தள்ள முடிகிறது. தூக்கும் தூரம் மிகச் சிறியது. டேப்பெட் இடைவெளி தேய்ந்து அதிகமாகிவிட்டால் அந்தத் தூக்கல் வால்வுக்குப் போய்ச் சேர்வதே இல்லை. முழு அழுத்தமும் மோட்டார் தலையில் விழுகிறது.

முதலில் பிளக்கைக் கழற்றிவிட்டு இன்ஜினைக் கையால் சுற்றிப் பாருங்கள். லேசாகச் சுற்றினால் உள்ளே எதுவும் பிடிக்கவில்லை. பிளக் ஓட்டையிலிருந்து பெட்ரோல் வந்தால் 8-ஆம் பகுதி. பிளக் இல்லாமலும் இறுக்கமாக இருந்தால் பிஸ்டனோ பேரிங்கோ பிடித்திருக்கும். அதற்கு இன்ஜினை இறக்க வேண்டியதுதான்.

லேசாகச் சுற்றினால் இப்போது டேப்பெட். இன்ஜின் முழுதாக ஆறியிருக்க வேண்டும், சூட்டில் உலோகம் விரிந்து அளவு மாறும். வால்வு கவரைக் கழற்றுங்கள். பிளக் ஓட்டையை விரலால் மூடிக்கொண்டு, செல்ஃப் சுற்றும் திசையிலேயே மெதுவாகச் சுற்றுங்கள். விரலைக் காற்று தள்ளினால் பிஸ்டன் அழுத்தும் சுற்றில் வருகிறது. ஒரு பிளாஸ்டிக் ஸ்ட்ராவை ஓட்டைக்குள் விட்டு, அது உச்சிக்கு ஏறி, மறுபடி சுமார் 6 மி.மீ. இறங்கும்வரை சுற்றுங்கள். சரியாக உச்சியிலேயே அளந்தால், மேலே சொன்ன அந்தக் கசியும் அமைப்பு வால்வைத் தொட்டுக்கொண்டிருந்து அளவைக் கெடுக்கும். இந்த 6 மி.மீ.யை விட்டவர்கள் டேப்பெட் வைத்தும் அதே கோளாறோடு நிற்பார்கள்.

ஃபீலர் கேஜை ராக்கருக்கும் வால்வுக்கும் இடையே விடுங்கள். பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டனின் பல ஒற்றை சிலிண்டர் இன்ஜின்களில் இன்லெட் 0.08 முதல் 0.13 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.13 முதல் 0.18 மி.மீ. உங்கள் மாடலுக்கு உரியதைக் கையேட்டில் பாருங்கள். தகடு லேசான உரசலோடு நகர வேண்டும். இடைவெளியைச் சரிசெய்து ராக்கர் நட்டை முடுக்கிய பிறகு மறுபடி ஒருமுறை அளங்கள், முடுக்கும்போது அளவு நகர்வது சகஜம். கோலர் கமாண்ட் போன்ற சில இன்ஜின்களில் ஹைட்ராலிக் லிஃப்டர் இருக்கும். அவற்றில் இந்த வேலையே இல்லை.

5. செல்ஃப் சுற்றுகிறது, பிடிக்கவில்லை: முதலில் கரண்ட்

பெட்ரோலுக்கு முன் கரண்டை, அதாவது பிளக்கில் பொறி வருகிறதா என்பதைப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஸ்பார்க் டெஸ்டர் இருந்தால் கை அழுக்காகாமல் உடனே விடை கிடைக்கும்.

பிளக் கேப்பைக் கழற்றி டெஸ்டரில் மாட்டி, அதன் கிளிப்பை இன்ஜின் உலோகத்தில் பிடிக்கவைத்துச் சுற்றவிடுங்கள். நீலமும் வெள்ளையுமாக டப் டப்பென்று அடித்தால் கரண்ட் இருக்கிறது. பிளக்கையே கழற்றி உலோகத்தில் வைத்துப் பார்ப்பதாக இருந்தால், பிளக் ஓட்டையை விட்டுத் தள்ளி வையுங்கள். அங்கிருந்து வெளிவரும் பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும்.

கரண்ட் வரவில்லை என்றால் உடனே பிளக்குக்குக் கரண்ட் தரும் இக்னிஷன் காயிலை மாற்றப் போகாதீர்கள். இந்த இன்ஜின்களில் காயில் பேட்டரியை நம்பி இல்லை. இன்ஜினோடு சுற்றும் கனமான சக்கரமான ஃபிளைவீலில் உள்ள காந்தம் காயிலைக் கடந்து போகும்போது அதுவாகவே மின்சாரம் பிறக்கிறது. இன்ஜினை நிறுத்துவதற்குத்தான் ஒரு மெல்லிய ஒயர் காயிலை எர்த் செய்கிறது. சாவி, சீட் சுவிட்ச், பிளேடு சுவிட்ச் எல்லாம் அந்த ஒயரில்தான் சேர்கின்றன. சீட் சுவிட்ச் கெட்டாலோ அந்த ஒயர் உரசித் தோல் உரிந்து இரும்பில் பட்டாலோ, நல்ல காயிலும் கரண்ட் தராது.

அதனால் சோதனை இதுதான்: அந்த மெல்லிய ஒயரைக் காயிலிலிருந்தோ இன்ஜின் பக்க இணைப்பிலிருந்தோ கழற்றிவிட்டு டெஸ்டரோடு சுற்றவிடுங்கள். இப்போது கரண்ட் வந்தால் காயில் நல்லது, கோளாறு சுவிட்சிலோ ஒயரிலோ. அப்போதும் வரவில்லை என்றால்தான் காயில். இந்த ஒயர் கழன்றிருக்கும்போது சாவியால் இன்ஜினை நிறுத்த முடியாது. எனவே டெஸ்டர் மட்டும் மாட்டி, பிளக் கேப் கழன்ற நிலையிலேயே பாருங்கள். முடிந்ததும் ஒயரை மாட்டிவிடுங்கள்.

காயில் மாற்றினால் அதற்கும் காந்தத்துக்கும் இடையே பொதுவாக 0.25 முதல் 0.30 மி.மீ. இடைவெளி வேண்டும். ஃபீலர் கேஜ் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு தொல்லை கொடுக்கும். அதே தடிமனில் ஒரு அட்டையை வைத்து, காந்தம் காயிலை இழுத்துக்கொள்ள விட்டு முடுக்குவது சுலபம்.

பிளக்கையும் ஒரு பார்வை பாருங்கள். நிறைய சுற்றவிட்ட பிறகும் உலர்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. சொட்டச் சொட்ட நனைந்திருந்தால் பெட்ரோல் அதிகம் அல்லது கரண்ட் இல்லை. கரியாக உலர்ந்திருந்தால் ஏர் ஃபில்டர் அடைப்பு அல்லது சோக் திறக்கவில்லை. முனை இடைவெளி பல மாடல்களில் 0.76 மி.மீ.

6. அடுத்து பெட்ரோல்

கரண்ட் நன்றாக இருக்கிறது, ஆனாலும் பிடிக்கவில்லை. இப்போது ஒரு சின்ன சோதனை: பிளக் ஓட்டைக்குள் கால் டீஸ்பூன் புது பெட்ரோல் விட்டு, பாட்டிலை மூடித் தள்ளி வைத்து, சிந்தியதைத் துடைத்து, பிளக்கை மாட்டிச் சுற்றவிடுங்கள். இரண்டு மூன்று வினாடி பிடித்து அணைந்தால் கரண்டும் பிரஷரும் சரி, கார்புரேட்டர் வழியாகப் பெட்ரோல் வரவில்லை. ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடித்தும் இதைப் பார்க்கலாம் என்றாலும் எனக்கு அதில் விருப்பம் இல்லை. அது சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவிவிடும்.

இனி டேங்கிலிருந்து கார்புரேட்டர் நோக்கி வாருங்கள். முதலில் பெட்ரோலே நல்லதா? எத்தனால் கலந்த பெட்ரோல் ஒரு மாதத்துக்கு மேல் கிடந்தாலே கெடத் தொடங்கும். கொஞ்சம் எடுத்து, உள்ளே தெரியும் பாத்திரத்தில் விட்டு நிற்கவையுங்கள். அடியில் தனியாக உருண்டு நிற்பது தண்ணீர். வார்னிஷ் போலப் புளித்த வாடை அடித்தால் பழையது. இரண்டில் எதுவானாலும் டேங்கைக் காலி செய்யுங்கள். கெட்டதோடு புதியதைக் கலந்து ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள், சுத்தம் செய்த கார்புரேட்டர் மறுபடி அடைக்கும். எத்தனால் 10 சதவீதத்துக்கு மேல் உள்ளதை இந்த இன்ஜின்களில் ஊற்றக் கூடாது.

கார்புரேட்டருக்குள் போகும் டியூபைக் கழற்றிப் பாத்திரத்துக்குள் விடுங்கள். டேங்க் உயரத்தில் இருக்கும் வண்டியில் தானாக ஒழுக வேண்டும். பம்ப் வைத்த வண்டியில், சுற்றவிடும்போது விட்டு விட்டுப் பீய்ச்ச வேண்டும். இந்தச் சோதனையில் பிளக் கேப்பைக் கழற்றி எர்த்தில் வைத்துவிடுங்கள், பெட்ரோல் பக்கத்தில் பொறி பறக்கக் கூடாது.

ஒழுக்கு இல்லை என்றால் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். உடனே வந்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. அப்போதும் வரவில்லை என்றால் ஃபில்டருக்கு முன், ஃபில்டருக்குப் பின் என்று டியூபைக் கழற்றிப் பார்த்துக்கொண்டே போங்கள். ஃபில்டரை அம்புக்குறி கார்புரேட்டர் பக்கம் பார்க்க மாட்ட வேண்டும். டியூப் வெளியில் நன்றாக இருந்தும் உள்ளே நைந்து மூடிக்கொள்வதும் உண்டு.

கார்புரேட்டர் வரை பெட்ரோல் வருகிறது என்றால், அதன் அடியில் இரண்டு ஒயரோ ஒரு ஒயரோ போகும் உருளை இருக்கிறதா பாருங்கள். அது பெட்ரோலை நிறுத்தும் சோலினாய்டு. சாவியை ஆன் செய்ததும் அதிலிருந்து ஒரு மெல்லிய "கிளிக்" கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் அதற்கு 12 வோல்ட் வருகிறதா பாருங்கள். வந்தும் வேலை செய்யவில்லை என்றால் அது மட்டும்தான் மாற்ற வேண்டியது. இதைக் கேட்டுப் பார்க்காமல் கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவி மாட்டி, அப்படியும் ஸ்டார்ட் ஆகாமல் திகைத்து நிற்பவர்கள் அதிகம்.

7. கார்புரேட்டரைச் சுத்தம் செய்வது

கழற்றும் முன் போட்டோ எடுங்கள், ஒவ்வொரு ஸ்பிரிங்கும் கம்பியும் எந்த ஓட்டையில் மாட்டியிருக்கிறது என்று தெரியும்படி, இரண்டு மூன்று கோணங்களில். இன்ஜின் வேகத்தைக் கட்டுக்குள் வைக்கும் கவர்னரின் ஸ்பிரிங் பக்கத்து ஓட்டையில் மாட்டப்பட்டாலே இன்ஜின் வரம்பு மீறி ரேஸ் ஆகலாம். பெரும்பாலானவற்றில் உச்ச வேகம் நிமிடத்துக்கு 3,600 சுற்றைத் தாண்டக் கூடாது.

பெட்ரோலை அடைத்துவிட்டு அடிக்கிண்ணத்தைக் கழற்றுங்கள். உள்ளே வெள்ளைப் பொடியாகப் படிந்திருந்தால் தண்ணீர் தேங்கிய அடையாளம். பிசுபிசுவென்று பழுப்பாக இருந்தால் பழைய பெட்ரோல். நடுவில் பித்தளை ஜெட் இருக்கும். அதைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வட்டம் முழு வட்டமாகத் தெரிய வேண்டும். ஓரத்தில் லேசாகச் சப்பியது போலத் தெரிந்தாலும் படிவு இருக்கிறது என்றுதான் அர்த்தம். கிளீனர் அடித்து ஊறவிட்டு, மெல்லிய செம்பு ஒயரின் ஒரே இழையை விட்டு எடுங்கள். ஊசி, டிரில் பிட் இரண்டும் கூடாது. இரும்பு பித்தளையைச் சுரண்டிவிடும். ஓட்டை கொஞ்சம் பெரிதானாலும் பெட்ரோல் கலவை நிரந்தரமாகக் கெட்டுவிடும்.

பெரிய ஜெட்டோடு நிறுத்திவிடாதீர்கள். ஸ்லோ ஸ்பீடுக்கான துளை அதைவிட மெல்லியது, முதலில் அடைப்பதும் அதுதான். ஸ்ப்ரேயின் குழாயை ஒரு துளையில் வைத்து அடித்தால் இன்னொரு துளை வழியே பீய்ச்சி வர வேண்டும். அது முகத்துக்கு நேராகவே வரும் என்பதால் கண்ணாடி கட்டாயம். ரப்பர் வளையங்களைக் கழற்றி வைத்துவிட்டு அடியுங்கள்.

கிண்ணத்துப் பெட்ரோலில் மிதக்கும் ஃப்ளோட்டைக் காதருகே வைத்து ஆட்டுங்கள். உள்ளே சலசலத்தால் ஓட்டை. அதோடு ஏறி இறங்கிப் பெட்ரோலை அடைக்கும் நீடிலின் முனையில் வரிவரியாகத் தடம் விழுந்திருந்தால் மாற்றுங்கள், இல்லையென்றால் ஓவர்ஃப்ளோ ஆகும். மாட்டும்போது கேஸ்கெட் கிழிந்திருந்தால் புதிது போடுங்கள். அந்த வழியே காற்று புகுந்தால் அடுத்த தலைவலி தொடங்கும்.

8. ஆயிலில் பெட்ரோல்

டிப்ஸ்டிக்கில் அளவு ஏறி, பெட்ரோல் வாடை அடித்தால், கார்புரேட்டரின் நீடில் மூடாமல் டேங்க் பெட்ரோல் இரவெல்லாம் சிலிண்டருக்குள் இறங்கியிருக்கிறது. பிஸ்டன் மேல் பெட்ரோல் நிறைந்திருந்தால் செல்ஃப் முட்டி நிற்கும். திரவம் அமுங்காது, பலவந்தமாகச் சுற்றினால் கனெக்டிங் ராடு வளையும்.

பெட்ரோலை அடைத்து, பிளக்கைக் கழற்றி, துணியை ஓட்டை மேல் தளர்வாக வைத்து, கையால் சுற்றி வெளியேற்றுங்கள். ஆயிலை முழுதாக வடித்துப் புதிது ஊற்றுங்கள். ஆனால் நீடிலை மாற்றாமல் ஆயிலை மட்டும் மாற்றினால் மறுநாளே அதே நிலை. டேங்குக்குக் கீழே அடைப்பான் இல்லாத வண்டியானால் ஒன்று மாட்டிவிடுங்கள், ஒவ்வொரு முறை நிறுத்தியதும் அடைத்துவிடலாம்.

9. ஓடும்போது வரும் தகராறுகள்

ரேஸ் ஏறி இறங்கி "வ்ரூம் வ்ரூம்" என்று தடுமாறுகிறது. சோக்கைப் பாதி போடுங்கள். சீராகிவிட்டால் பெட்ரோல் பற்றவில்லை: ஸ்லோ ஸ்பீடு துளை அடைப்பு, அல்லது கார்புரேட்டர் கேஸ்கெட்டில் காற்று புகுகிறது. கவர்னர் கம்பியை வளைத்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். கவர்னர் தன் வேலையைத்தான் செய்கிறது.

அரைமணி ஓடி அணைந்து, ஆறியபின் மறுபடி ஸ்டார்ட் ஆகிறது. இதற்கான விடை வண்டி நின்ற அந்த நிமிடத்தில்தான் இருக்கிறது. கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டு வருவதற்குள் எல்லாம் ஆறிவிடும், ஒன்றும் தெரியாது. டெஸ்டரைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டே ஓட்டுங்கள். நின்றதும் டேங்க் மூடியைத் தளர்த்துங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே போய் வண்டி ஸ்டார்ட் ஆனால் மூடிதான். இல்லையென்றால் மூடியை மறுபடி முடுக்கிவிட்டு உடனே கரண்ட் பாருங்கள். சூட்டில் கரண்ட் இல்லாமல், ஆறியதும் திரும்பி வந்தால் காயில். அதற்கும் முன் 5-இல் சொன்ன மெல்லிய ஒயரைக் கழற்றிச் சூட்டிலேயே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பிளேடு போட்டதும் அணைகிறது. ஒரே அடியாக, சாவியைத் திருப்பியது போல அணைந்தால் சீட் சுவிட்ச். மூச்சு முட்டி, இழுத்து இழுத்து அணைந்தால் சுமை தாங்கவில்லை: பிளேடு பெல்ட், புல்லி பிடித்திருக்கிறதா, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா, இரட்டை சிலிண்டரில் ஒன்று வேலை செய்யவில்லையா என்று பாருங்கள்.

இரட்டை சிலிண்டரில் மிஸ்ஸிங். ஓடும்போது பிளக் கேப்பைப் பிடுங்கிப் பார்க்கும் பழக்கம் வேண்டாம், ஷாக் அடிக்கும், காயிலும் போகும். ஆறிய இன்ஜினை ஒரு நிமிடம் ஓட்டி நிறுத்தி, இரண்டு எக்ஸாஸ்ட் குழாயிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ஒன்றில் "சொர்" என்று ஆவியாகி இன்னொன்றில் சும்மா வழிந்தால், வழிந்த பக்கம்தான் உறங்குகிறது.

கொஞ்ச நேரத்தில் சூடேறிச் சக்தி குறைகிறது. மேல் கவரைக் கழற்றிக் குளிர்விக்கும் தகடுகளுக்கு நடுவே பாருங்கள். காய்ந்த புல் கம்பளி போல அடைந்திருக்கும், எலிக் கூடும் இருக்கலாம். வெளியில் துடைத்தால் இது தெரியவே தெரியாது. புல் வெட்டும்போது முழு ரேஸில் ஓட்ட வேண்டும். பாதி ரேஸில் குளிர்விக்கும் காற்றும் குறையும்.

10. புகை

கறுப்புப் புகை பெட்ரோல் அதிகம் என்பதன் அடையாளம்: சோக், ஏர் ஃபில்டர், ஓவர்ஃப்ளோ. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. தொடர்ந்து வரும் வெள்ளைப் புகையைக் காரைப் போலத் தண்ணீர் கசிவு என்று நினைக்காதீர்கள். இந்த இன்ஜினில் கூலன்ட் கிடையாது, பெரும்பாலும் அதுவும் ஆயில்தான்.

பிஸ்டன் ரிங் போய்விட்டது என்று முடிவு கட்டும் முன் ஆயில் அளவைப் பாருங்கள். அளவுக்கு மேல் ஊற்றியதாலோ வண்டியைச் சாய்த்து வைத்ததாலோ வந்த புகை என்றால் அளவைச் சரிசெய்து கொஞ்ச நேரம் ஓட்டினால் போய்விடும். போகவில்லை, ஏர் ஃபில்டரிலும் ஆயில் நனைந்திருக்கிறது என்றால், மெதுவாக ஓடும்போது டிப்ஸ்டிக்கைச் சற்றே தளர்த்துங்கள். லேசாக உள்ளிழுத்தால் சரி. வெளியே ஊதித் தள்ளினால் முதலில் ஆயில் அறையின் காற்றை வெளிவிடும் பிரீதரைப் பாருங்கள். அது நன்றாக இருந்தால் சிலிண்டருக்கும் அதன் தலைக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட். அது வெடித்து, சிலிண்டர் அழுத்தம் ஆயில் அறைக்குள் போவது இந்த வகை இன்ஜின்களில் அடிக்கடி நடக்கும். ரிங் மாற்றுவதைவிட இது எவ்வளவோ சின்ன வேலை.

சாதாரண கம்ப்ரஷன் கேஜை இங்கே நம்பாதீர்கள். 4-இல் சொன்ன கசியும் அமைப்பு இருப்பதால் நல்ல இன்ஜினும் குறைவாகக் காட்டும். காற்று ஏற்றிக் கசிவைப் பார்க்கும் லீக் டவுன் சோதனைதான் சரியான விடை தரும்.

11. சரிசெய்த பிறகு

ஸ்டார்ட் ஆனதும் வேலை முடிந்ததாக எழுந்துவிடாதீர்கள். முழு ரேஸில் வைத்துப் பேட்டரி முனைகளில் அளங்கள். 13.5 முதல் 14.5 வோல்ட் வரை வர வேண்டும். 12-லேயே நின்றால் சார்ஜ் ஏறவில்லை. சில ஓட்டங்களிலேயே பேட்டரி இறங்கி மறுபடி 3-ஆம் பகுதிக்கு வந்து நிற்பீர்கள்.

அப்புறம் புல்லில் இறக்கி, பிளேடு போட்டு, இன்ஜின் முழுச் சூடாகும்வரை ஓட்டுங்கள். நின்ற இடத்தில் ஓடும்போது சூட்டுக் கோளாறும் சுமைக் கோளாறும் தலைகாட்டாது. இறங்கி வந்து டியூப் இணைப்புகளிலும் கார்புரேட்டர் அடியிலும் கசிவு பாருங்கள்.

கடைசியாகப் பாதுகாப்பு சுவிட்சுகள். சோதனைக்காகக் கழற்றிய ஒயர்கள், சீட் சுவிட்சில் குறுக்கே போட்ட இணைப்பு எல்லாம் பழையபடி மாட்டியாகிவிட்டதா? சாவியால் இன்ஜின் நிற்கிறதா? ஆள் பக்கத்தில் இல்லாத இடத்தில் பிளேடைப் போட்டு, சீட்டிலிருந்து சற்றே எழும்புங்கள், இறங்க வேண்டாம். இன்ஜின் உடனே அணைய வேண்டும். அணையவில்லை என்றால் சாவியை எடுத்துவிட்டு, சீட் சுவிட்சும் அதன் ஒயரும் சரியாகும்வரை வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.